“ஜெபிக்கிறோம், மாத்திரையை நிறுத்தாதீங்க”: அரியலூர், பெரம்பலூரில் சுகமளிக்கும் ஜெபம் – தெரிந்துகொள்ள வேண்டியவை

வீட்டில் ஒருவருக்கு நோய் இழுத்துக்கொண்டே போகிறது. ஸ்கேன் எடுத்தாச்சு, மூன்று டாக்டரைப் பார்த்தாச்சு, கடனும் வாங்கியாச்சு. அப்போது தெரிந்தவர் ஒருவர் சொல்வார்: “ஒரு தடவை ஏலாக்குறிச்சி மாதா கோயிலுக்குப் போயிட்டு வந்துடுங்களேன்.” இன்னொருவர், “வெள்ளிக்கிழமை எங்க தெருவுல உபவாச ஜெபம் இருக்கு, அம்மாவைக் கூட்டிட்டு வாங்க, பாஸ்டர் ஜெபிப்பார்” என்பார். கூப்பிடப்படுபவர் கிறிஸ்தவராக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

சென்னையிலோ பெங்களூருவிலோ வேலை பார்க்கும் பிள்ளைகளுக்கு இந்தத் தகவல் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வந்து சேரும். கூடவே கேள்விகளும் வரும். அம்மாவை அனுப்பலாமா? மாத்திரையை நிறுத்தச் சொல்லிவிடுவார்களா? பணம் கேட்பார்களா? இது மதமாற்ற வேலையா? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ஏலாக்குறிச்சிக்கு ஏன் போகிறார்கள்?

அரியலூர் மாவட்டம் திருமானூர் ஒன்றியத்தில், கொள்ளிடத்துக்கு வடக்கே இருக்கிறது ஏலாக்குறிச்சி. இங்குள்ள அடைக்கல அன்னை ஆலயம், தமிழ் படித்த எல்லோருக்கும் தெரிந்த ஒருவரோடு தொடர்புடையது. இத்தாலியில் 1680-ல் பிறந்து, தமிழகம் வந்து, ‘தேம்பாவணி’ எழுதிய வீரமாமுனிவர்தான் அவர். இந்த ஊருக்கு அவர் வைத்த பெயர் திருக்காவலூர்.

ஆலய மரபில் ஒரு கதை வழிவழியாகச் சொல்லப்படுகிறது. அரியலூரை ஆண்ட அரங்கப்ப மழவராயருக்கு ராஜபிளவை என்ற கொடிய கட்டி வந்தது. வைத்தியர்கள் கைவிட்ட நிலையில் வீரமாமுனிவரிடம் வந்தார். முனிவர் மூலிகை மருந்து கொடுத்தார், மாதாவிடம் வேண்டினார், அங்கே ஊறிய நீரையும் சேற்றையும் புண்ணில் பூசினார், கட்டி ஆறியது. நன்றியாக மன்னர் ஆலயத்துக்கு நிலம் கொடுத்தார். இதுதான் கதையின் சுருக்கம்.

இதை வரலாறாக நிரூபிக்க முடியுமா என்பது தனி விவாதம். ஆனால், கதையில் கவனிக்க வேண்டிய ஒரு விஷயம் இருக்கிறது. அதில் ஜெபமும் மருந்தும் சேர்ந்தே வருகின்றன. குணமானவர் மதம் மாறியதாகவும் கதை சொல்லவில்லை. இன்றைய கேள்விகள் பலவற்றுக்கும் இந்த இரண்டு விஷயங்களிலிருந்தே பதில் தேடலாம்.

‘சுகமளிக்கும் ஜெபம்’ என்றால் என்ன?

பெயர் ஒன்றுதான். நடக்கும் விதம் சபைக்குச் சபை மாறும்.

கத்தோலிக்கத் திருச்சபையில் ‘நோயில் பூசுதல்’ என்பது ஏழு அருட்சாதனங்களில் ஒன்று. குருவானவர் நோயாளியின் நெற்றியிலும் கைகளிலும் எண்ணெய் பூசி ஜெபிப்பார். இதற்குக் கட்டணம் இல்லை. இது தவிர, திருத்தலங்களுக்கு நேர்ந்துகொண்டு போவது, மெழுகுவத்தி ஏற்றுவது, திருவிழாவில் தேர் இழுப்பது எல்லாம் மக்கள் வழக்கங்கள். வரதராஜன்பேட்டை அலங்கார அன்னை, தென்னூர் லூர்து அன்னை, பெரம்பலூர் பனிமய மாதா ஆலயங்களுக்கு மற்ற மதத்தவர்களும் வருவதை உள்ளூர்க்காரர்கள் சாதாரணமாகவே பார்க்கிறார்கள்.

பெந்தெகொஸ்தே சபைகளிலும் வீட்டுச் சபைகளிலும் வடிவம் வேறு. தலையில் கை வைத்து ஜெபிப்பது, எண்ணெய் ஜெபித்துக் கொடுப்பது, உபவாச ஜெபம், இரவு ஜெபம், பெரிய மைதானங்களில் நடக்கும் சுகமளிக்கும் கூட்டம் எனப் பல வகை. போனிலும் யூடியூப் நேரலையிலும்கூட ஜெபம் நடக்கிறது.

இவற்றில் அதிகம் பேசப்படாத வகை, வீடு தேடிச் சென்று பார்ப்பது. படுத்த படுக்கையாக இருக்கும் ஒரு பாட்டியின் பக்கத்தில் பத்து நிமிடம் உட்கார்ந்து, கையைப் பிடித்து, “எப்படி இருக்கீங்கம்மா, சாப்பிட்டீங்களா?” என்று கேட்டுவிட்டு ஜெபிப்பது. இதில் மைக் இல்லை, சாட்சி சொல்ல மேடை இல்லை, வைரல் வீடியோவும் இல்லை.

ஜெபித்தால் நோய் குணமாகுமா? ஆய்வுகள் என்ன சொல்கின்றன?

நம்பிக்கையை ஆய்வுக்கூடத்தில் அளக்க முடியாது. ஆனால், அதன் விளைவுகளை அளக்க முயன்றிருக்கிறார்கள். இரண்டு ஆய்வுகள் முக்கியமானவை.

முதலாவது அமெரிக்காவில் நடந்தது, 2006-ல் வெளியானது. ஆறு மருத்துவமனைகளில் இதய பைபாஸ் அறுவை சிகிச்சை செய்துகொண்ட 1,802 பேரை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். முகம் தெரியாத கிறிஸ்தவக் குழுக்கள் அவர்களுக்காகத் தூரத்திலிருந்து ஜெபித்தன. ஜெபிக்கப்பட்டும் அது உறுதியாகத் தெரியாத குழுவில் 52 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு சிக்கல் வந்தது. ஜெபிக்கப்படாத குழுவில் 51 சதவீதம். அதாவது வித்தியாசமே இல்லை. “உங்களுக்காக நிச்சயம் ஜெபிக்கிறார்கள்” என்று சொல்லப்பட்ட குழுவில் அது 59 சதவீதம். ‘ஜெபம் தேவைப்படும் அளவுக்கு நம்ம நிலைமை மோசமா?’ என்ற பதற்றம்கூட இதற்குக் காரணமாக இருக்கலாம் என்று கருதப்பட்டது.

இரண்டாவது ஆய்வு நமக்குப் பக்கத்தில், திண்டுக்கல் பகுதியில் நடந்தது. மனநலம் பாதிக்கப்பட்டவர்கள் வந்து தங்கும் முத்துசாமி கோயிலில் 31 பேரை பெங்களூரு நிமான்ஸ் மருத்துவர்கள் உள்ளிட்ட குழு கவனித்தது. 2002-ல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியானது. சராசரியாக ஆறு வாரம் தங்கியவர்களின் நோய் அறிகுறி மதிப்பெண் ஏறத்தாழ 20 சதவீதம் குறைந்திருந்தது. அங்கே பெரிய சடங்கு எதுவும் இல்லை. தங்க இடம், உடன் ஒரு உறவினர், கோயிலின் சின்னச் சின்ன வேலைகள், மிரட்டாத சூழல் ஆகியவைதான் உதவின என்பது ஆய்வாளர்கள் கணிப்பு. ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு குழு இல்லாத சிறிய ஆய்வு இது என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு சித்திரம் கிடைக்கிறது. நோயாளியை யாரென்றே தெரியாதவர்கள் தூரத்திலிருந்து செய்த ஜெபத்தால், அந்த ஆய்வில் உடல்நோயின் போக்கு மாறவில்லை. ஆனால் நோயாளியை மனிதராக நடத்தி, கூடவே இருக்கும் இடம், அது எந்த மதத்துடையதாக இருந்தாலும், மனதுக்கு உண்மையாகவே உதவக்கூடும்.

அப்படியானால் மக்கள் ஏன் முதலில் டாக்டரிடம் போவதில்லை?

பெரும்பாலும் போகிறார்கள். போய்விட்டுத்தான் ஜெபத்துக்கும் வருகிறார்கள். பிரச்சினை மனநோய், வலிப்பு மாதிரியான நோய்களில்தான் பெரிதாகிறது.

2015-16-ல் நிமான்ஸ் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பின்படி, மனநலப் பாதிப்பு உள்ளவர்களில் 70 முதல் 92 சதவீதம் பேருக்கு, நோயைப் பொறுத்து, சிகிச்சையே கிடைக்கவில்லை. இந்தக் கணக்கெடுப்பு நடந்த 12 மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று.

காரணங்கள் புரியாதவை அல்ல. ‘பைத்தியம்’ என்ற பட்டப்பெயருக்குப் பயம். ஒருநாள் கூலியை விட்டுவிட்டு பஸ் ஏறி மாவட்டத் தலைநகருக்குப் போக வேண்டும். போனால் டாக்டரிடம் கிடைப்பது சில நிமிடங்கள். ஜெபக் கூட்டத்திலோ ஒருவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, முழுக் கதையையும் கேட்கிறார். “சிஸ்டர், ராத்திரியெல்லாம் தூங்க மாட்டேங்குறான்” என்று அழும் தாய்க்கு, அந்த இடத்தில் கேட்க ஒரு காது இருக்கிறது.

நிலைமை மெல்ல மாறிவருகிறது. அரியலூரில் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறந்துவைக்கப்பட்டது. 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் ரத்த அழுத்தம், சர்க்கரை மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. படுக்கையில் இருப்பவர்களுக்கு வலி நிவாரணச் சிகிச்சையும் இயன்முறை சிகிச்சையும் இதே திட்டத்தில் உண்டு.

ஆபத்து எங்கே தொடங்குகிறது?

“நாங்க ஜெபிக்கிறோம்” என்பதில் ஆபத்து இல்லை. “விசுவாசம் இருந்தா மாத்திரை எதுக்கு?” என்று யாராவது கேட்கும் இடத்தில்தான் அது தொடங்குகிறது.

- சர்க்கரை நோய்: டைப் 1 நோயாளி இன்சுலினை நிறுத்தினால் சில நாட்களிலேயே உயிருக்கு ஆபத்து.
- வலிப்பு: உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்பில், சரியான மருந்து எடுத்தால் 70 சதவீதம் பேர் வரை வலிப்பு இல்லாமல் வாழ முடியும். பேய் பிடித்ததாக நினைத்து மருந்தை நிறுத்தினால், கிணற்றடியிலோ அடுப்படியிலோ வரும் ஒரு வலிப்பு போதும்.
- காசநோய்: மாத்திரையை இடையில் விட்டால், மருந்துக்குக் கட்டுப்படாத கிருமி உருவாகலாம். வீட்டில் மற்றவர்களுக்கும் பரவும்.
- பாம்புக்கடி: மக்காச்சோளக் காட்டிலும் முந்திரித் தோப்பிலும் வேலை செய்பவர்களுக்கு இது அன்றாட அபாயம். விஷமுறிவு மருந்து போட வேண்டிய நேரத்தை வேறு எதற்கும் செலவழிக்க முடியாது. ஆம்புலன்ஸில் போகும்போதே ஜெபிக்கலாம்.

இன்னொரு ஆபத்து, குணமாகாதபோது வரும் குற்றவுணர்வு. “உங்களுக்கு விசுவாசம் பத்தல” என்ற ஒரு வார்த்தை, ஏற்கெனவே நோயில் வாடுபவரை இரண்டாவது முறை நோகடிக்கும்.

மனநோயாளிகளை வைத்துப் பராமரிக்கும் இடங்களில் என்ன நடக்கலாம் என்பதற்கு, தமிழ்நாடு மறக்கக் கூடாத ஒரு நாள் இருக்கிறது. 2001 ஆகஸ்ட் 6, ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடி. தர்காவை நம்பி வந்தவர்களை வைத்திருந்த ஒரு தனியார் காப்பகத்தில் தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் தப்ப முடியாமல் 28 பேர் உயிரிழந்தார்கள். அந்தத் துயரத்துக்குப் பிறகு உச்ச நீதிமன்றம் தலையிட்டது. பின்னர் அதே ஏர்வாடியில் தர்காவின் பிரார்த்தனையும் மனநல மருத்துவமும் கைகோக்கும் ‘தவா-துவா’, அதாவது மருந்தும் பிரார்த்தனையும் என்ற திட்டம் வந்தது. திருச்சி மாவட்டம் குணசீலம் பெருமாள் கோயிலிலும் வழிபாட்டோடு மனநல மறுவாழ்வு மையமும் இயங்குகிறது. தர்காவிலும் கோயிலிலும் நடந்திருப்பதால், தேவாலயத்திலும் ஜெப வீட்டிலும் இது நடக்க முடியாத காரியமல்ல.

திருச்சபைகள் என்ன சொல்கின்றன?

மருந்தை விடச் சொல்வதுதான் கிறிஸ்தவம் என்று யாராவது சொன்னால், அது திருச்சபைகளின் பெரும்பான்மை நிலைப்பாடு அல்ல.

2000-ம் ஆண்டு செப்டம்பரில் வாடிகன், குணமாக்கும் ஜெபங்கள் பற்றி ஒரு வழிகாட்டுதலை வெளியிட்டது. ஜெபம், மருத்துவத்தை விலக்குவதில்லை, அதை நாடவே ஊக்குவிக்கிறது என்பது அதன் சாரம். ஜெபக் கூட்டங்களில் உணர்ச்சி வெறி, பரபரப்பு, நாடகத்தனம் கூடாது என்றும் அது சொல்கிறது.

பிரான்ஸின் லூர்து நகரில் 1883 முதல் ஒரு மருத்துவ அலுவலகமே இயங்குகிறது. “குணமாகிவிட்டேன்” என்று வருபவர்களின் ஆவணங்களை மருத்துவர்கள் சோதிக்கிறார்கள். இதுவரை 7,000-க்கும் மேற்பட்டோர் பதிவு செய்திருந்தாலும், திருச்சபை புதுமை என்று ஏற்றவை எழுபதைச் சற்றே தாண்டியவைதான். மேடையில் ஒரே இரவில் நூறு சாட்சிகள் சொல்லப்படும்போது, இந்தக் கணக்கை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

தமிழ்நாட்டிலேயே இதற்குப் பெரிய உதாரணம் இருக்கிறது. 19-ம் நூற்றாண்டின் இறுதியில், திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று குடும்பத்து ஆண்கள் பிரசவ உதவி கேட்டு வந்தார்கள். ஆண் மருத்துவர் வேண்டாம் என்றார்கள். மருத்துவ மிஷனரியின் மகளான ஐடா ஸ்கடரோ மருத்துவம் படித்தவர் அல்ல. விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். அந்த இரவு உலுக்கியதில் அவர் அமெரிக்கா சென்று மருத்துவம் படித்தார். 1900-ல் வேலூரில் ஒரே ஒரு படுக்கையோடு அவர் தொடங்கியதுதான் இன்றைய சிஎம்சி. அங்கே ஆன்மிகப் பணியாளர்களும் இருக்கிறார்கள், அறுவை சிகிச்சை அரங்குகளும் இருக்கின்றன. ஒன்று இன்னொன்றின் இடத்தைப் பிடிக்க முயல்வதில்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

ஜெபிப்பது குற்றமா? இல்லை. அரசியலமைப்பின் 25-வது பிரிவு, பொது ஒழுங்கு, ஒழுக்கம், பொது சுகாதாரம் ஆகியவற்றுக்கு உட்பட்டு மதச் சுதந்திரம் தருகிறது. அந்தப் பட்டியலில் ‘சுகாதாரம்’ இருப்பதைக் கவனிக்க வேண்டும்.

விளம்பரம் செய்தால்? 1954-ம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் சட்டம் அதற்காகவே வந்தது. புற்றுநோய், சர்க்கரை, வலிப்பு, வாதம் உள்ளிட்ட பட்டியலில் உள்ள நோய்களை அற்புத சக்தியால் குணமாக்குவதாக விளம்பரம் செய்வதைத் தடுக்கிறது. தாயத்து, மந்திரம், கவசம் ஆகியவற்றைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. ‘ஜெபம்’ என்ற சொல் அதில் நேரடியாக இல்லை. ஆனால் ‘நோய் தீர்க்கும் எண்ணெய்’ போன்ற ஒரு பொருளை முன்வைத்து விளம்பரம் செய்தால் கேள்வி எழலாம். விளம்பரம் என்றால் நோட்டீஸ் மட்டுமல்ல, வாய்வழி அறிவிப்பும் அதில் சேரும். முதல் முறை குற்றத்துக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும் உண்டு.

நோயாளியைத் தங்கவைத்தால்? 2017-ம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின்படி, மனநோயாளிகளைத் தங்கவைத்துப் பராமரிக்கும் எந்த இடமும் பதிவு செய்யப்பட வேண்டும். எந்த வகையிலும் சங்கிலியால் கட்டக் கூடாது. ‘இது ஆஸ்பத்திரி இல்ல, ஜெப வீடு’ என்று சொல்லித் தப்ப முடியாது.

இது மதமாற்ற முயற்சியா?

இந்தக் கேள்விதான் அதிகம் சூடு கிளப்புகிறது. தமிழ்நாட்டில் 2002-ல் கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் கொண்டுவரப்பட்டது. கடும் எதிர்ப்பு வந்தது. 2004 மக்களவைத் தேர்தலுக்குப் பிறகு திரும்பப் பெறப்பட்டது. இன்று மாநிலத்தில் அப்படித் தனிச் சட்டம் இல்லை. அதேநேரம், மதத்தைப் பரப்பும் உரிமை என்பது இன்னொருவரை மதம் மாற்றும் உரிமை ஆகாது என்று 1977-ல் உச்ச நீதிமன்றம் சொன்னதும் நினைவில் இருக்க வேண்டும்.

அசாம் 2024-ல் ‘தீய குணப்படுத்தும் நடைமுறை’களைத் தடுக்கும் சட்டத்தைக் கொண்டுவந்தது. நோயாளிக்காக ஜெபிப்பதையும் இதில் சேர்த்துவிடுவார்களோ என்று அங்குள்ள கிறிஸ்தவ அமைப்புகள் எதிர்த்தன. கருணையையும் மோசடியையும் ஒரே சட்ட வலையில் பிடிக்க முயன்றால் என்ன சிக்கல் வரும் என்பதற்கு இது உதாரணம்.

நடைமுறையில் பயன்படும் அளவுகோல் எளிது. நோயாளி ‘வேண்டாம்’ என்று சொன்னால், அவர்கள் சிரித்த முகத்தோடு எழுந்து போவார்களா? ஜெபித்த பிறகு ஞானஸ்நானம், காணிக்கை, வீட்டில் இருக்கும் சாமிப் படத்தை எடுப்பது என்று ஏதாவது நிபந்தனை வருகிறதா? நிபந்தனை வந்தால் அது கருணை அல்ல, கணக்கு. படுக்கையில் இருப்பவர், வலியில் இருப்பவர், பிள்ளையைப் பறிகொடுக்கும் பயத்தில் இருப்பவர் ஆகியோரால் மறுத்துப் பேச முடியாது. அதனால்தான் கேட்டு, சம்மதம் வாங்கி ஜெபிப்பது முக்கியமாகிறது.

குடும்பம் என்ன செய்யலாம்?

- அம்மாவோ அப்பாவோ ஜெபத்துக்குப் போக ஆசைப்பட்டால் சண்டை போட வேண்டாம். “போயிட்டு வாங்கம்மா, மாத்திரையை மட்டும் நிறுத்தாதீங்க” என்று சொல்லி அனுப்பலாம்.
- முதல் முறை யாராவது கூடப் போவது நல்லது. மாத்திரை பற்றி அங்கே என்ன சொல்கிறார்கள் என்பதைக் காதால் கேட்டுவிடலாம்.
- நோயாளியின் பெயர், நோய், முகம் ஆகியவற்றைச் சாட்சி வீடியோவில் போட சம்மதம் கேட்கிறார்களா என்று பார்க்கவும்.
- முன்பணம், ‘விசுவாசக் காணிக்கை’, விலை போட்ட எண்ணெய் என்று வந்தால் விலகிவிடலாம்.
- ஜெபத்துக்குப் பிறகு உடம்பு தேவலை என்று தோன்றினாலும், மருந்தைக் குறைப்பது டாக்டரின் வேலை. பரிசோதனை செய்து பார்த்தே முடிவு.
- மனநல ஆலோசனைக்கு 14416, மருத்துவ ஆலோசனைக்கு 104, அவசரத்துக்கு 108.
- முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்ட அட்டை இருக்கிறதா என்று பார்க்கவும். கடனுக்குப் பயந்தே பல குடும்பங்கள் சிகிச்சையைத் தள்ளிப்போடுகின்றன.

ஜெபிக்கப் போகும் பாஸ்டர்கள், சகோதரிகள், இளைஞர் குழுக்களுக்கும் இதில் ஒரு வேலை இருக்கிறது. ஆரம்பச் சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போவது, மாத்திரை தீர்ந்துவிட்டதா என்று கேட்பது, பராமரிப்பவருக்கு ஒரு மணி நேரம் ஓய்வு கொடுப்பது. கிராமத்தில் டாக்டரைவிட முன்னதாக நோயாளியின் வீட்டுக்குள் நுழைபவர்கள் அவர்கள்தான். “இது பேய் இல்லம்மா, வலிப்பு நோய். வாங்க, அரியலூர் ஆஸ்பத்திரிக்கு நானும் கூட வர்றேன்” என்று ஒரு பாஸ்டர் சொன்னால், அதை அந்தக் குடும்பம் கேட்கும். டாக்டர் சொன்னால்கூடச் சில நேரம் கேட்காது.

ஏலாக்குறிச்சிக் கதையில் முனிவர் ஜெபித்துவிட்டு மன்னரை அனுப்பிவிடவில்லை. மருந்தும் போட்டார். அம்மாவுக்காக ஜெபிக்க வருபவர்களிடம் இன்று ஒரு குடும்பம் எதிர்பார்க்க வேண்டியதும் அதைத்தான்.